பிடிஎஃப் போட்டுவிட்டால் போதுமா?

ஒரு சுற்றறிக்கையைக் கணினியில் தட்டச்சு செய்கிறார்கள். அச்செடுத்துக் கையெழுத்தும் முத்திரையும் வைக்கிறார்கள். பிறகு அதே தாளை ஸ்கேன் செய்து, பிடிஎஃப் ஆக்கி, இணையதளத்தில் ஏற்றுகிறார்கள். எழுத்தாக இருந்ததைப் படமாக்கிவிட்டு “ஆன்லைன்ல போட்டாச்சு” என்று கையைத் தட்டிக்கொண்டு எழுந்துவிடுகிறார்கள். பார்வையற்ற ஒருவர் அதைத் திறந்தால் திரையில் இருப்பதைக் குரலில் வாசிக்கும் அவருடைய திரைவாசிப்பான் வெற்றுப் பக்கம் என்று சொல்லும், இல்லையென்றால் வாயே திறக்காது. நாலு பக்கம் நிறைய எழுத்து இருந்தும் கணினிக்கு அது வெறும் போட்டோ. மாற்றுத்திறனாளிகளுக்கான உதவித்தொகை அறிவிப்பே இந்த லட்சணத்தில் வருகிறது என்பதுதான் வயிற்றெரிச்சல்.

“ஓசிஆர் போட்டுக்கலாமே” என்று உடனே யாராவது கிளம்பிவிடுவார்கள். படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் மென்பொருள்தான் ஓசிஆர். போடலாம்தான். டெசராக்ட் என்ற ஓசிஆர் மென்பொருளில் தமிழ் இருக்கிறது. கூகுள் டிரைவில் ஏற்றி டாக்ஸில் திறந்தாலும் எழுத்தாக்கித் தரும். 300 டிபிஐ தெளிவில் நேராக ஸ்கேன் செய்த தாள் என்றால் நன்றாகவே வரும். ஆனால் கைக்கு வருவது எது? கைபேசியில் கோணலாக எடுத்து, வாட்ஸ்அப்பில் நாலு கைமாறிச் சுருங்கிப்போன படம். எழுத்தின் மேலேயே ஊதா முத்திரை. அதில் துணைக்காலும் ரகரமும் ஒன்றுக்கொன்று மாறும், னகரமும் ணகரமும் குழம்பும். அட்டவணை கலைந்து பெயர் ஓரிடத்திலும் மதிப்பெண் வேறிடத்திலும் கிடக்கும். சொல் பிழைத்தால் முன்பின் பார்த்து ஊகித்துக்கொள்ளலாம். கடைசித் தேதியில் 3 என்பது 8 ஆகிவிட்டால் எதை வைத்து ஊகிப்பது? மூலத்தைக் கண்ணால் பார்த்துச் சரிபார்க்க முடியாதவர் தலையில்தான் இந்தச் சரிபார்க்கும் வேலையைக் கட்டுகிறார்கள்.

படத்தையாவது ஓசிஆர் காப்பாற்றும். பழைய எழுத்துருக்கள் அதைவிடக் கொடுமை. பாமினியில் ‘தமிழ்’ என்று அடித்தால் கோப்புக்குள் போய் உட்காருவது ஆங்கில ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஓர் அரைப்புள்ளி. அந்த ஆங்கிலக் குறிகளுக்கு எழுத்துரு தமிழ் வடிவத்தைப் போர்த்திக் காட்டுகிறது, அவ்வளவுதான். கண்ணுக்கு அழகான தமிழ், காதுக்கு ‘ஜேகேபிஓ’. வானவில் எழுத்துருவுக்கு இன்னொரு முறை, வேறொரு எழுத்துருவுக்கு மற்றொரு முறை. எது எந்த எழுத்துரு என்று தெரிந்தால்தான் மாற்றியில் போட்டு, எல்லாக் கணினிக்கும் பொதுவான குறிமுறையான யூனிகோடு ஆக்கவே முடியும். தமிழக அரசு யூனிகோடை ஏற்று ஆணை போட்டது 2010இல். இன்னும் எத்தனை வருஷத்துக்கு இந்தப் பழைய எழுத்துருக்களைக் கட்டிக்கொண்டு அழப்போகிறோம்?

சரி, யூனிகோடில்தான் அடித்தோம் என்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ‘தொகை’ என்ற சொல்லில் கணினி வைத்திருக்கும் வரிசை த, ஒகரக் குறி, க, ஐகாரக் குறி. கண்ணுக்குத் தெரிவதோ கொம்பு, த, கால், இணைக்கொம்பு, க. சில மென்பொருள்கள் பிடிஎஃப் செய்யும்போது கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே வடிவங்களை அடுக்கிவிடுகின்றன. எந்த வடிவம் எந்த எழுத்து என்ற விவரத்தையும் ஒழுங்காகச் சேர்ப்பதில்லை. திரைவாசிப்பான் அதை வாசித்தால் கொம்பெல்லாம் முந்தைய எழுத்தில் போய் ஒட்டிக்கொண்டு சொல்லே வேறாகிறது. பார்வையுள்ளவர்களுக்கும் இதில் நஷ்டம் உண்டு. அந்தக் கோப்பில் ‘தொகை’ என்று தேடினால் கிடைக்காது.

சோதித்துப் பார்க்க ஒரு நிமிஷம் போதும். பிடிஎஃபைத் திறந்து கன்ட்ரோல் ஏ, கன்ட்ரோல் சி. நோட்பேடில் ஒட்டுங்கள். ஒன்றுமே வரவில்லையென்றால் அது படம். ஆங்கில எழுத்துகளாகக் கொட்டினால் பழைய எழுத்துரு. கொம்புகள் தனியே புள்ளி வட்டத்தோடு நின்றால் வரிசை குலைந்திருக்கிறது. பக்கத்தில் இருப்பதே நோட்பேடிலும் வந்தால்தான் ஒருவர் காதால் படிக்க முடியும். இதற்கு என்ன தனி நிதி வேண்டும், என்ன குழு வேண்டும்? என்விடிஏ என்ற திரைவாசிப்பான் இலவசம். ஏற்றுவதற்கு முன் ஒரு தடவை ஓடவிட்டுக் கேட்கலாமே!

செய்யும் முறையும் பெரிய வித்தை இல்லை. தலைப்பை வெறுமனே தடித்த எழுத்தாக்காமல் வேர்டில் ‘ஹெடிங் 1’, ‘ஹெடிங் 2’ என்று ஸ்டைல் கொடுங்கள். என்விடிஏவில் ஹெச் விசையைத் தட்டினால் தலைப்பு தலைப்பாகத் தாவலாம். ஸ்டைல் இல்லாத 40 பக்க ஆவணத்தில் தனக்கு வேண்டிய ஒரு பத்திக்காக முதல் வரியிலிருந்து கேட்டுக்கொண்டே வர வேண்டும். ஆவணத்தின் மொழியைத் தமிழ் என்று குறியுங்கள், இல்லையென்றால் ஆங்கிலக் குரல் தமிழை மென்று துப்பும். அட்டவணையின் முதல் வரிசையைத் தலைப்பு வரிசையாக்குங்கள், கட்டங்களை ஒன்றிணைக்காதீர்கள். ‘பிரிண்ட் டு பிடிஎஃப்’ பக்கமே போகாதீர்கள், அது ஸ்டைல் அத்தனையையும் உதிர்த்துவிடும். ‘சேவ் ஆஸ்’ கொடுத்து, ஆப்ஷன்ஸில் அக்சஸிபிலிட்டிக்கான டேக்ஸ் (எது தலைப்பு, எது அட்டவணை என்று திரைவாசிப்பானுக்குச் சொல்லும் குறிகள்) பெட்டி டிக் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். லிப்ரே ஆபீஸ் என்றால் ஏற்றுமதிப் பெட்டியில் ‘டேக்டு பிடிஎஃப்’.

இது யாரோ செய்யும் தயவு அல்ல. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 42ஆம் பிரிவிலேயே மின்னணு உள்ளடக்கம் அணுகும்படி இருக்க வேண்டும் என்கிறது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாயமாக வேண்டும் என்றது. 2025 ஏப்ரலில், கண் சிமிட்டச் சொல்லும் கேஒய்சி என்ற வாடிக்கையாளர் அடையாளச் சரிபார்ப்பை எதிர்த்து வந்த வழக்குகளில், டிஜிட்டல் அணுகல் அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடக்கம் என்றே தீர்ப்பு வந்தது. அதற்குப் பிறகும் படத்தில் உள்ள எழுத்தைப் பார்த்து அடிக்கச் சொல்லும், ஒலி வழி இல்லாத கேப்சாவை வைத்து வாசலிலேயே ஆளை நிறுத்துகிறார்கள்.

“கையெழுத்துப் போட்ட நகல்தான் செல்லும்” என்பது கடைசியாக வரும் சாக்கு. செல்லட்டும், அந்த ஸ்கேனையும் போடுங்கள். அதற்குக் கீழேயே அந்தத் தாள் எந்த வேர்டு கோப்பிலிருந்து அச்சானதோ அதையும் போடுங்கள். அது உங்கள் கணினியில்தான் இருக்கிறது.