எச்சில் சுரப்பி லிம்ஃபோமா, ஆபரேஷன் பத்தி ஒரு திருத்தம்

எச்சில் சுரப்பியில லிம்ஃபோமாங்கிற புற்றுநோய் வந்தா சுரப்பியையே உடனே வெட்டி எடுத்தாதான் குணமாகும்னு மேல ஒருத்தர் சொல்லியிருக்காரு. அக்கறையாதான் சொல்றீங்கண்ணே, ஆனா அது அப்படி இல்ல.

சுரப்பியோட சொந்த செல்லுல வர்ற புற்றுநோய்க்குத்தான் (கார்சினோமா) பெரும்பாலும் ஆபரேஷன் முதல் சிகிச்சை. லிம்ஃபோமா வெள்ளையணுக்கள்ல வர்றது, இதுல கத்தி வைக்கிறது பெரும்பாலும் என்ன நோய்னு கண்டுபிடிக்கத்தான், மெல்லிய ஊசில வர்ற செல் பல நேரம் பத்தாது, அதனால தடிச்ச ஊசியிலயோ சின்னதா வெட்டியோ திசு எடுத்து (இதுதான் பயாப்சி) எந்த வகைன்னு பார்த்து, ஸ்கேன்ல எங்கெல்லாம் இருக்குன்னும் பார்த்துட்டுதான் சிகிச்சைய முடிவு பண்ணுவாங்க. ரேடியேஷன், ரிட்டுக்ஸிமாப்ங்கிற ஆன்டிபாடி மருந்து, கீமோ, இப்படி வகைக்கு ஏத்த மாதிரி மாறும். மால்ட் (MALT)னு சொல்ற, மெதுவா வளர்ற லிம்ஃபோமா வகைல சிலருக்கு இப்போதைக்கு கண்காணிப்பு மட்டுமே போதும்னு கூட சொல்வாங்க. நோய் என்னன்னு தெரியுறதுக்கு முன்னாடியே கட்டிய எடுத்தவங்களும் இருக்காங்க, அது வேற விஷயம்.

காதுக்கு முன்னாடி இருக்குற பரோட்டிட் சுரப்பிக்குள்ளதான் முகத்த அசைக்கிற நரம்பு ஓடுது, தேவையில்லாம வெட்டினா அதுக்கு பாதிப்பு வரலாம், அதனாலதான் இத சும்மா விட மனசு வரல.

நீங்களே பார்க்கலாம்: பயாப்சி ரிப்போர்ட்ல கார்சினோமான்னு இருக்கா லிம்ஃபோமான்னு இருக்கான்னு பாருங்க. நம்ம சிங்கப்பூர் தேசியப் புற்றுநோய் நிலையத்தோட வெப்சைட்ல லிம்ஃபோமா சிகிச்சை பக்கத்தப் படிங்க. அடுத்த அப்பாயின்ட்மென்ட்ல, "இந்த ஆபரேஷன் கண்டுபிடிக்கவா, குணமாக்கவா"ன்னு டாக்டர்கிட்ட நேராவே கேளுங்க.