பிடி அரிசி

எங்கள் வீட்டு அரிசி டின்னுக்குப் பக்கத்தில் ஒரு மண்கலயம் இருக்கிறது. அளந்த அரிசியில் ஒரு பிடி அள்ளி அதில் போட்ட பிறகுதான் அம்மா உலைக்குக் களைவாள். மாசக் கடைசியில் காளி கோயிலுக்குக் கொடுத்துவிடுவாள். 1871இல் நம் தமிழர்கள் ரங்கூனில் எழுப்பிய அதே கோயில்தான். அம்மாவுக்குப் பிறகு நான் போட்டுவருகிறேன்.

இப்போது ரங்கூனில் நம் பொழுதையெல்லாம் கரண்ட்தான் தீர்மானிக்கிறது. நடுராத்திரி வந்தால் அப்போதே எழுந்து மோட்டார் போட வேண்டும், குக்கரில் சோறு வைக்க வேண்டும். சலித்துக்கொண்டேதான் செய்தேன். ஒருநாள் தூக்கக் கலக்கத்திலும் கை தானாகக் கலயத்துக்குப் போனது. அரிசி விழும் சின்னச் சத்தம். அம்மாவே பக்கத்தில் நிற்பது போல நெஞ்சு நிறைந்துவிட்டது. அருள் என்று எனக்குத் தெரிந்தது அதுதான். போடுவதற்கு ஒரு பிடி இருக்கிறது, போடக் கையும் வருகிறது.

விடிந்ததும் பிக்குகள் வெறுங்காலோடு வரிசையாக வருவார்கள். எதிர்வீட்டு பர்மிய அக்கா செருப்பைக் கழற்றிவிட்டுச் சுடுசோறு இடுவார். பிக்கு நன்றி சொல்வதில்லை. இட்டவர்தான் கும்பிடுகிறார். தினமும் பார்க்கிற காட்சிதான், இன்னும் எனக்கு அலுக்கவில்லை.

நம்மவர்களிடம் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. தீமிதியிலும் காவடியிலும், நேர்ந்துகொண்டது பலித்தபோதும் மட்டும்தான் அருளைப் பேசுகிறோம். 2025 மார்ச் 28 மதியம் மண்டலே பக்கம் 7.7 அளவில் பூமி அதிர்ந்தது. இங்கேயும் ஆடியது. “அம்மன் நம்மைக் காப்பாற்றிவிட்டாள்” என்று பலர் சொன்னார்கள். பயத்தில் வந்த பேச்சு, புரிகிறது. ஆனால் அங்கே இடிபாட்டில் போனவர்களை அவள் கைவிட்டாளா? அப்படிச் சொல்ல எனக்கு வாய் வராது. தப்பித்ததை வைத்து அருளை அளந்தால், செத்தவர் வீட்டு வாசலில் நின்று என்ன பேசுவோம்?

இரண்டு நாள் கழித்து எதிர்வீட்டு அக்கா வந்தார். மண்டலேக்கு அனுப்ப வீடு வீடாக அரிசி சேர்க்கிறாராம். மாசக் கடைசி, கலயம் நிறைந்திருந்தது. கோயிலுக்கு உள்ளதாயிற்றே என்று ஒரு நொடி தயங்கினேன். அப்புறம் அப்படியே அவர் பையில் கவிழ்த்துவிட்டேன். அம்மாவும் அதைத்தான் செய்திருப்பாள்.

அன்று ராத்திரி கரண்ட் வந்ததும் எழுந்து அரிசி அளந்தேன். வெறும் கலயம் என்பதால் முதல் பிடி விழுந்த சத்தம் கொஞ்சம் பலமாகவே கேட்டது.