லேமினேட் செய்தால் பழைய மாடல் கிட் தாள் கெடாதா?

“1960-70களின் ஏர்ஃபிக்ஸ், ரெவெல் நிறுவனங்களின் கிட்களில் (பாகங்களை ஒட்டி விமானம், கப்பல் போன்ற மாடல் செய்யும் பெட்டிகள்) வந்த செய்முறைத் தாளை லேமினேட் செய்துவிட்டால் காலத்துக்கும் அப்படியே இருக்கும்” என்று ஒரு யோசனை சுற்றுகிறது. தவறு. மலிவான மரக்கூழ்த் தாளைப் பழுப்பாக்கும் லிக்னினும் (மரத்தில் இயல்பாக உள்ள பொருள்) அமிலமும் தாளுக்குள்ளேயே இருக்கின்றன. மேலே பிளாஸ்டிக் ஒட்டினால் அவை போய்விடாது. லேமினேஷன் உறையின் உள்பூச்சு சூட்டில் உருகி இழைகளுக்குள் இறங்கிவிடும். பிறகு உரித்தால் அச்சும் சேர்ந்தே வரும்.

மடிப்பில் கிழிந்திருந்தால் செலோடேப்பும் வேண்டாம், அதன் பசை மஞ்சள் கறையாகத் தங்கும். பின்பக்கம் அச்சில்லாத இடத்தில் மெல்லிய ஜப்பானியத் தாள் பட்டையை, கோதுமை ஸ்டார்ச் பசை மிகக் குறைவாகத் தடவி ஒட்டுங்கள். அதற்கு முன் ஓரத்தில் ஈரப் பஞ்சை ஒற்றி மை கரைகிறதா என்று பாருங்கள்; கரைந்தால் ஈரப்பசையே கூடாது. ஒட்டியதும் இருபுறமும் பிளாட்டிங் பேப்பர் (ஈரம் உறிஞ்சும் தாள்) வைத்து, கனமான புத்தகத்தின் அடியில் ஒரு நாள் விடலாம்.

பிறகு 600 டிபிஐயில் ஸ்கேன் எடுங்கள். மாடல் செய்யும்போது மேசையில் பசையும் பெயின்ட்டும் படுவதற்கு அதன் பிரதி போதும். அசலை, மடிக்காமல், பாலியெஸ்டர் உறையில் வையுங்கள். பிவிசி உறை மையை இழுத்துக்கொள்ளும்.