அக்கா தங்கை டிஎன்ஏ சதவீதம் வேறானால் அப்பா வேறா? இல்லை

டிஎன்ஏ பரிசோதனை பற்றிய பாட்காஸ்டில் இருந்து வெட்டிய துண்டு என்று ஓர் ஆடியோ சுற்றுகிறது. உடன்பிறந்த இருவருக்கு பூர்வீக சதவீதம் (முன்னோர் எந்தப் பகுதியினர், எத்தனை சதவீதம் என்ற கணக்கு) வேறுவேறாக வந்தால் அப்பா ஒருவர் இல்லையாம். இது தவறு.

ஒவ்வொரு பிள்ளைக்கும் அம்மாவிடமிருந்து பாதி, அப்பாவிடமிருந்து பாதி வருகிறது. ஆனால் எந்தப் பாதி என்பது சீட்டுக் குலுக்கல் மாதிரி. அக்காவுக்கு 30% ஐரிஷ், தம்பிக்கு 18% என்று வருவதில் அதிசயமே இல்லை.

அந்த சதவீதமே ஒரு மதிப்பீடுதான். 2019-இல் கனடாவின் சிபிசி ஒளிபரப்பு நிறுவன நிருபர் சார்ல்சி ஆக்ரோவும் அவருடன் ஒரே கருவில் உருவான இரட்டைச் சகோதரியும் ஐந்து டிஎன்ஏ பரிசோதனை நிறுவனங்களுக்கு எச்சில் மாதிரி அனுப்பினார்கள். இருவரின் டிஎன்ஏவும் கிட்டத்தட்ட அச்சு அசல். அப்படியும் அந்த ஐந்தில் ஒன்றான 23அண்ட்மீ, ஒருவருக்கு மட்டும் 2.6% பிரெஞ்சு-ஜெர்மன் என்று காட்டியது! செய்தி சிபிசி தளத்தில் இருக்கிறது.

சரி, உறவை எதில் பார்ப்பது? பரிசோதனை நிறுவனத் தளத்தில் உங்கள் கணக்கில் உள்ள 'டிஎன்ஏ மேட்ச்' (டிஎன்ஏ ஒத்துப்போகிறவர்கள்) பட்டியலில், இருவருக்கும் பொதுவான டிஎன்ஏவின் அளவைச் சொல்லும் சென்டிமோர்கன் என்ற எண்ணில். முழு உடன்பிறப்புக்குச் சராசரியாக 2,600 அளவில் வரும். தாயோ தந்தையோ ஒருவர் மட்டும் பொது என்றால் 1,750 அளவில். டிஎன்ஏ பெயின்டர் தளத்தில் எண்ணைப் போட்டால் என்ன உறவாக இருக்கலாம் என்று இலவசமாகக் காட்டும்.

அந்த ஆடியோவை யாருக்கும் அனுப்ப வேண்டாம். வந்த குழுவில் இதைப் போடுங்கள்.