ஆபீஸோடு பேய் வீடு பார்க்கப் போகிறவர்கள் முதலில் உத்திரத்தைப் பாருங்கள்

பொங்கல் முடிந்து அறுப்பும் ஓய்ந்தால் தஞ்சை, திருவாரூர், மயிலாடுதுறைப் பக்கம் ஆபீஸ் டூர் ஆரம்பித்துவிடும். கல்லணை பார்த்தாச்சு, தாராசுரம் பார்த்தாச்சு என்று குழுவில் ஒருவர் எழுதுவார். உடனே இன்னொருவர், "அந்தப் பேய் வீட்டுக்குப் போகலாமா?" என்பார். பூட்டிக் கிடக்கும் பழைய மிராசு வீடு ஒன்று ஊருக்கு ஊர் இருப்பதால் இடத்துக்குப் பஞ்சமே இல்லை.

தாராளமாகப் போகலாம். ராத்திரியில் வேண்டாம், சுவர் ஏறிக் குதித்து வேண்டாம், ஒரே நேரத்தில் இருபது பேர் உள்ளே நுழைவதும் வேண்டாம். பயப்பட வேண்டிய விஷயங்கள் அந்த வீடுகளில் நிஜமாகவே இருக்கின்றன. ஆனால் பெரும்பாலானவர்கள் பயப்படுவது வேறு எதற்கோ.

வாசலைத் தாண்டியதும் உடம்பு சிலிர்ப்பதற்குக் காரணம் ஒன்றரை, இரண்டு அடி கனமுள்ள சுவரும் சுண்ணாம்புப் பூச்சும். வெளியே வெயில் கொளுத்தும்போது உள்ளே குளுகுளுவென்று இருக்கும். முற்றத்திலிருந்து ரேழி வழியாக வாசலுக்கு ஓடும் காற்று பிடரியில் படும். வெயிலில் இருந்து வந்த கண்ணுக்கு இருட்டு பழகவும் நேரம் பிடிக்கும். அதனால் ரேழியிலேயே ஐந்து நிமிஷம் நின்றுவிட்டு உள்ளே போங்கள். பாதிப் பயம் அங்கேயே தெளிந்துவிடும், படியும் கண்ணுக்குத் தெரியும்.

மச்சிலிருந்து "உஸ்ஸ்" என்று பாம்பு சீறுவது போலவோ, யாரோ குறட்டை விடுவது போலவோ தொடர்ந்து சத்தம் வந்தால் அது அநேகமாகக் கூகைக் குஞ்சு. தாய்க் கூகை மற்ற ஆந்தை மாதிரி அலறாது. கிறீச்சென்று கத்தும், சிறகடிக்கும் சத்தமே கேட்காமல் தலைக்கு மேலே பறக்கும். வெள்ளை முகம். டார்ச் வெளிச்சத்தில் திடீரென்று பார்ப்பவருக்கு வேறு எதுவாகவும் தோன்றலாம். எலி பிடிக்கட்டும் என்று வயலில் குச்சி நட்டு நாம் வரவேற்கிற அதே பறவைதான். அந்தி சாய்ந்த பிறகு மேலே கேட்கும் "டக், டக்" சத்தம், பகலெல்லாம் சூடேறிய கட்டைகள் குளிர்ந்து சுருங்கும்போது வருவது.

இனி நிஜமான ஆபத்துக்கு வருவோம். இந்த வீடுகளில் பலவற்றின் மாடி மெட்ராஸ் டெரஸ். சுவருக்குச் சுவர் தேக்கு உத்திரக் கட்டைகள் போட்டு, அவற்றின் மேல் சின்னச் செங்கற்களைச் மூலைவாட்டமாகக் குத்துக்கல்லாக நிறுத்திச் சுண்ணாம்பில் கட்டி, அதற்கு மேல் செங்கல் ஜல்லிக் கலவையைத் தட்டி இறுக்கி, கடைசியாகத் தட்டை ஓடு பதிப்பார்கள். கூரையில் வெடிப்பு விட்டால் தண்ணீர் கலவைக்குள் இறங்கி, கட்டையின் முனை சுவருக்குள் புதைந்திருக்கும் இடத்தில் தங்கிவிடும். அங்கே காற்றுப் படாது, காயாது, கரையானும் அங்கேதான் ஏறும். கீழே நின்று பார்த்தால் கட்டையின் நடுப்பாகம் எண்ணெய் பூசியது போல கம்பீரமாக இருக்கும். முனையோ உளுத்து மாவாகியிருக்கும். அந்தக் கூரை விழுவதற்கு முன் நடுவில் வளைந்தெல்லாம் காட்டாது, முனை நழுவி மொத்தமாக இறங்கிவிடும்.

அதனால் அறைக்குள் கால் வைக்கும் முன் கட்டை சுவரில் நுழையும் இடத்துக்கு டார்ச் அடியுங்கள். ஈரக்கறை, வெள்ளையாக உப்புப் பூத்திருப்பது, கரையான் மண்கோடு, தரையில் புதிதாக உதிர்ந்த காரை, கைப்பிடிச் சுவரில் அரசோ ஆலோ முளைத்திருப்பது, இவற்றில் ஒன்று கண்ணில் பட்டாலும் அந்த அறை வேண்டாம். மாடிக்கு மட்டும் யாருமே ஏறக்கூடாது. குரூப் போட்டோவுக்காகப் பதினைந்து பேர் மச்சில் வரிசையாக நிற்பதை நினைத்தாலே குலை நடுங்குகிறது.

மழைக்காலத்தில் போகவே வேண்டாம். மண்சாந்தில் கட்டிய சுவர் மழை பெய்யும்போதும் சரியலாம். மழை விட்டு வெயில் அடிக்கும்போதும் சரியலாம். ஊறிய மண் பலம் இழக்கும், காயும்போது சுருங்கி வெடிக்கும். தை கடைசியிலிருந்து பங்குனி வரை நல்ல காலம். ஆனால் அறுப்புக்குப் பிறகு எலி வீட்டுப் பக்கம் வரும், அதன் பின்னாலேயே பாம்பும் வரும். ஷூ போடுங்கள், ஒவ்வொருவர் கையிலும் டார்ச் இருக்கட்டும், பார்க்காமல் எந்தப் பொந்திலும் கை விடாதீர்கள். கட்டுவிரியன் கடி பல நேரம் வலிக்காது, வீங்காது. அதனால் பந்தயம் கட்டி ராத்திரி அங்கே தரையில் படுப்பது முட்டாள்தனம். கடிபட்டால் கீறவோ, இறுக்கிக் கட்டவோ கூடாது. கடிபட்ட இடத்தை அசைக்காமல் வைத்து 108-ஐக் கூப்பிட்டு நேரே அரசு மருத்துவமனைக்குப் போகவேண்டும்.

கொல்லைக் கிணற்றின் கைப்பிடிச் சுவர் முழங்கால் உயரம்கூட இருக்காது. கொடி மூடியிருந்தால் கிணறு இருப்பதே தெரியாது. போன் உள்ளே விழுந்தால் போனது போனதுதான். புழங்காத கிணற்றில் மூச்சுக்குக் காற்று இருக்காது. இறங்கியவரைக் காப்பாற்ற இறங்கியவரும் சேர்ந்து சாவது இப்படித்தான். நெல் கொட்டி வைக்கும் பத்தாயத்துக்குள்ளும் யாரையும் இறக்கிவிட்டு விளையாடாதீர்கள். வவ்வால் எச்சம் கிடக்கும் அறையில் புழுதி கிளப்ப வேண்டாம். ஆஸ்துமா இருப்பவர்கள் முகக்கவசம் போட்டாலும் அந்த அறைக்கு வெளியிலேயே நிற்பது நல்லது.

ஆபீஸ் கூட்டம் என்பதால் இதையும் சொல்லவேண்டும். உள்ளே ஒரு தடவைக்கு ஆறு பேர் போதும். பெயர்ப் பட்டியலோடு ஒருவர் திண்ணையில் இருக்கட்டும். இருட்டில் மறைந்து நின்று "பே" என்று கத்துபவரை டூருக்கே கூப்பிடாதீர்கள். அந்த வீடுகளில் அடிபடுவது பெரும்பாலும் ஓடும்போதுதான். நிலைப்படி தலையில் இடிக்கும், முற்றத்துப் படி காலை வாரும். உள்ளே வரப் பிடிக்கவில்லை என்று ஒருவர் சொன்னால் அதோடு விட்டுவிடவேண்டும். மேனேஜர் கூப்பிட்டார் என்பதற்காக ஒரு பெண் நடுங்கிக்கொண்டே உள்ளே வருவதில் என்ன கொண்டாட்டம்? கழிப்பறை அங்கே இருக்காது. வழியிலேயே அதற்கு வண்டியை நிறுத்திப் போய்வந்துவிடுங்கள்.

பழைய கட்டடத்தின் அமானுஷ்யமும் வேண்டும், இந்தத் தலைவலியும் வேண்டாம் என்றால் தரங்கம்பாடி டேனிஷ் கோட்டைக்குப் போங்கள். 1620-ல் கட்டத் தொடங்கியது. 1845-ல் டேனிஷ்காரர்கள் ஊரையே ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டார்கள். கீழ்த்தளத்து வளைவுக்கூரை அறைகளில் அலைச் சத்தத்தோடு நின்று பாருங்கள், பேய்க்கதையே தேவைப்படாது. விடுமுறை நாளை மட்டும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

தனியார் வீடு என்றால் சென்னையிலோ வெளிநாட்டிலோ இருக்கும் உரிமையாளரிடம் போனில் அனுமதி வாங்குங்கள். சாவி வைத்திருப்பவரையும் கூடவே அழைத்துப் போங்கள். எந்த அறை ஒழுகும், எந்தப் படி ஆடும் என்று அவருக்குத்தான் தெரியும். அவருக்கு ஒருநாள் கூலியாவது கொடுங்கள்.

"பேய் வீடு" என்று பெயர் விழுந்த வீட்டுக்கு வாங்க ஆள் வராது, குடியிருக்கவும் ஆள் வராது. திருடன் மட்டும் வருவான். முதலில் பித்தளைக் குமிழ் போகும், பிறகு கதவு, பிறகு நிலை, கடைசியில் தூண். தூணை உருவினால் தாழ்வாரம் இறங்கும், ஒரே மழையில் மொத்த வீடும் சேறாகிவிடும். எனவே படம் போடுங்கள், தூணையும் முற்றத்தையும் பற்றி ஆசைதீர எழுதுங்கள். ஊர்ப் பெயரும் கூகுள் மேப் இடக்குறியும் மட்டும் வேண்டாம். கிளம்பும்போது தலை எண்ணிவிட்டு, கொல்லைக் கதவின் தாழ்ப்பாளை ஒருமுறை இழுத்துப் பாருங்கள்.