சின்னத் தச்சன் துரோகியா?

வட அமெரிக்கப் பூர்வகுடிகளான செரோக்கியரின் பதினெட்டாம் நூற்றாண்டுத் தலைவர் அட்டகுல்லகுல்லாவைப் பற்றிப் பேச்சு வந்தாலே, "நிலத்தை விற்றவர்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை.

வெள்ளையர் அவரைச் சின்னத் தச்சன் என்று அழைத்தார்கள். சின்ன உடம்புக்காரர். ஆனால் ஒட்டாத இரண்டு தரப்பைப் பேசியே இழைத்துப் பொருத்திவிடுவார். 1730இல் லண்டன் போய் இரண்டாம் ஜார்ஜ் மன்னரைச் சந்தித்த ஏழு செரோக்கியரில் அவரும் ஒருவர்.

அந்தக் காலச் செரோக்கியரிடம் தலைவர் என்றால் உத்தரவு போடுகிறவர் அல்ல. சபையில் பேசிச் சம்மதிக்க வைக்க வேண்டும். கேட்காதவனை அடக்கப் படையும் கிடையாது, சிறையும் கிடையாது. பெண்களுக்கும் அந்தச் சபையில் குரல் உண்டு. அட்டகுல்லகுல்லாவின் சகோதரி மகள் நான்சி வார்டே அங்கே பெரும் மதிப்போடு பேசியவர். அதனால்தான் அட்டகுல்லகுல்லா சார்ல்ஸ்டனில் தென் கரோலினாவின் ஆங்கிலேய ஆளுநரின் சபைக்குப் போனபோது, பெண்கள் ஏன் ஒருவரும் இல்லை, வெள்ளையரும் பெண் வயிற்றில் பிறந்தவர்கள்தானே என்று கேட்டார். பதினெட்டாம் நூற்றாண்டில் கேட்ட கேள்வி இது!

அப்புறம் 1759-60. சமாதானம் பேச வந்த செரோக்கியரைத் தென் கரோலினா ஆளுநர் பிணையாகப் பிடித்து வைத்தார். அடைத்து வைத்த கோட்டைக்குள்ளேயே, 1760இல், அவர்களைக் கொன்றார்கள். கொதித்த செரோக்கியர் ஆங்கிலேயரின் லவுடன் கோட்டையை முற்றுகையிட்டார்கள். உணவு தீர்ந்து சரணடைந்த படையினர் ஊர் திரும்பும் வழியில் தாக்கப்பட்டார்கள். அன்று பிடிபட்ட ஜான் ஸ்டூவர்ட் என்ற ஆங்கிலேய அதிகாரியை அட்டகுல்லகுல்லா தன் கையிலிருந்ததைக் கொடுத்து மீட்டு, வேட்டைக்குப் போவதாகச் சொல்லி வர்ஜீனியா படையிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார். தன் மக்களின் கோபம் நியாயமானது என்று தெரிந்தும் இதைச் செய்ய எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

சரி, 1775க்கு வருகிறேன். சிக்கமோர் ஷோல்ஸ் என்ற இடத்தில் ரிச்சர்ட் ஹெண்டர்சனின் நில வியாபாரக் கம்பெனிக்குச் செரோக்கித் தலைவர்கள் விற்றது கிட்டத்தட்ட 2 கோடி ஏக்கர். இன்றைய கென்டக்கியின் பெரும்பகுதி அதில் அடக்கம். விலை, 10,000 பவுண்டு என்று மதிப்புப் போட்ட சரக்கு. தனியார் இப்படி நிலம் வாங்கக் கூடாது என்று 1763லேயே மன்னர் ஆணை இருந்தது. அட்டகுல்லகுல்லா ஒப்புக்கொண்டார். அவருடைய சொந்த மகன் டிராகிங் கனூ எதிர்த்துப் பேசிவிட்டு வெளியேறினார்.

இந்த விஷயத்தில் நான் மகன் பக்கம்தான். பொதுச்சொத்தான வேட்டைக்காட்டை ஒரு சில மூத்தவர்கள் கொடுத்திருக்கக் கூடாது. ஆனால் அது துரோகமல்ல. போரில் ஊர்கள் எரிந்ததைப் பார்த்த ஒரு கிழவர், கொஞ்சம் கொடுத்தாவது மீதியைக் காக்கலாம் என்று நம்பிய தவறு.

1776இல் வெள்ளைக் குடியேறிகளோடு மறுபடி போர் வந்தது. மறுபடி ஊர்கள் எரிந்தன. அடுத்த ஆண்டு ஹோல்ஸ்டன் ஆற்றங்கரையில் சமாதானம் பேச அப்பா போய் உட்கார்ந்தார். மகன் வரவில்லை, தன்னோடு வந்தவர்களைக் கூட்டிக்கொண்டு சிக்கமாகா ஓடைப் பக்கம் போய், 1792இல் சாகும்வரை போராடிக்கொண்டே இருந்தார்.