1.9 என்று மட்டும் அச்சடித்து டயர் விற்காதீர்கள்

"டயரோட மொத்த உயரம் எவ்வளவுங்க?"

"1.9 ப்ரோ."

"அது ரிம் அளவு. டயர் எவ்வளவு உயரம்?"

"எல்லா 1.9 வண்டிக்கும் சேரும் ப்ரோ."

ஆர்சி க்ராலருக்கு, அதாவது பாறை மேல் மெதுவாக ஊர்ந்து ஏறுகிற ரிமோட் வண்டிக்கு, டயர் வாங்கப் போனால் ஒவ்வொரு முறையும் இந்தப் பேச்சுதான். கடைக்காரரை மட்டும் சொல்லி என்ன செய்ய? அவர் பாக்கெட்டைத் திருப்பிப் பார்க்கிறார், அதிலும் 1.9 என்றுதான் இருக்கிறது. அந்த 1.9 அங்குலம் என்பது டயரின் விளிம்பு உட்காருகிற ரிம்மின் விட்டம். அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். அதே ரிம்மில் 4.2 அங்குல டயரும் உட்காரும், 4.75 அங்குல டயரும் உட்காரும். சின்னது பாடிக்கு அடியில் நிம்மதியாகச் சுழலும். பெரியதைப் போட்டு ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்து, ஒரு பக்க சஸ்பென்ஷன் அமுங்கினால் டயர் நேராக ஃபெண்டரில் போய் உரசும். அதோடு போகாது. டயர் 13 சதவீதம் பெரிதானால் கியர் விகிதமே அந்த அளவுக்கு மாறின மாதிரி ஆகிவிடும். மெதுவாக ஊர்ந்து ஏற வேண்டிய வண்டி திணறும், மோட்டார் தொட முடியாத அளவுக்குச் சுடும், மோட்டார் தண்டில் இருக்கும் பினியன் பல்சக்கரத்தைச் சின்னதாக மாற்ற வேண்டி வரும். இத்தனையும் அந்த உயரத்தை அச்சடிக்காததால் வருகிற வினை.

ரோட்டில் நிற்கிற எந்தக் காரின் டயரையாவது குனிந்து பாருங்கள். 185/65 ஆர்15 88எச் என்கிற மாதிரி இருக்கும். அகலம் 185 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அதில் 65 சதவீதம், ரிம் 15 அங்குலம், 88 என்றால் ஒரு டயர் தாங்கும் எடை 560 கிலோ, எச் என்றால் மணிக்கு 210 கிலோமீட்டர் வேகம் வரை தாங்கும். எந்த வருடம் எந்த வாரம் தயாரானது என்பது வரை அதன் மேலேயே இருக்கிறது. க்ராலர் டயர் பொழுதுபோக்குப் பொருள்தான், யார் உயிரும் அதில் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். அதற்காக உயரம், அகலம் என்ற இரண்டு எண்களைக்கூடவா போட முடியாது?

ரப்பர் கதை இன்னும் மோசம். தன் ரப்பர் வகைகளை ப்ரோலைன் கம்பெனி ஜி8 என்கிறது, ப்ரிடேட்டர் என்கிறது. ஆர்சி4டபிள்யூடி எக்ஸ்2எஸ்3 என்கிறது. ஆக்சியல் ஆர்35 என்கிறது. ஆளுக்கொரு பெயர். எது எதைவிட மென்மை என்று ஒப்பிட ஒரு வழியும் கிடையாது. ரப்பரின் கடினத்தை அளக்க ஷோர் ஏ என்ற அளவு பல பத்தாண்டுகளாகப் புழக்கத்தில் இருக்கிறது, அதற்கான கருவி உள்ளங்கைக்குள் அடங்கும். அந்த ஒரு எண்ணைப் போட்டால் எல்லோருக்கும் புரிந்துவிடும். போடமாட்டார்கள். "சூப்பர் சாஃப்ட்" என்று மட்டும் கொட்டை எழுத்தில் இருக்கும். நம்ம ஊர் வெயிலில் காய்ந்து கிடக்கும் கருங்கல்லில் அந்த சூப்பர் சாஃப்ட் ரப்பர் எவ்வளவு வேகமாகத் தேயும் என்று யார் சொல்வது?

ஆனால் என் முழு ஆத்திரமும் ஃபோம் மேல்தான். க்ராலர் டயரில் காற்று அடிப்பதில்லை. உள்ளே இருக்கும் ஃபோம் வளையம்தான் வண்டியின் எடையைத் தாங்குகிறது. பாறையின் முனை பட்டால் டயர் உள்வாங்கி அதைக் கவ்வ வேண்டும், கவ்வினால்தான் வண்டி ஏறும். அதைத் தீர்மானிப்பது பாதி ரப்பர், பாதி ஃபோம். அப்படியிருக்க, ஆயிரக்கணக்கில் விலை வைத்த டயரோடு கூடவே வருகிற ஃபோம் எப்படி இருக்கிறது? பாத்திரம் தேய்க்கிற பஞ்சு. 3 கிலோ வண்டியை ஏற்றி வைத்ததும் ரிம் வரைக்கும் அமுங்கிவிடுகிறது. சரிவில் குறுக்காகப் போகும்போது கீழ்ப்பக்க டயரின் சுவர் மடிந்து, வண்டி அப்படியே உருண்டு விழுகிறது. பார்க்கிறவர்கள் ஓட்டுபவரைக் குறை சொல்கிறார்கள்.

நல்ல ஃபோம் இரண்டு அடுக்காக இருக்கும். உள்ளே எளிதில் அமுங்காத, தண்ணீர் குடிக்காத, நுண்ணறைகள் மூடிய ஃபோம். வெளியே மெத்தென்ற, நுண்ணறைகள் திறந்த ஃபோம். உள் வளையம் வண்டியை நிமிர்த்திப் பிடிக்கும், வெளி வளையம் கல்லுக்கு வளைந்து கொடுக்கும். இதைத் தனியாகத்தான் வாங்க வேண்டும், சில நேரம் டயர் விலைக்கே. அதிலும் ஒரு பொறி வைத்திருக்கிறார்கள்: ஃபோமின் உயரம் டயரின் உள்ளளவுக்குப் பொருந்துமா என்று எங்கும் இருக்காது. பெரிதாகிவிட்டால் டயர் நடுவில் உப்பிக்கொண்டு நடுப் பட்டை மட்டும்தான் தரையில் படும். அப்புறம் கத்தியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து ஃபோமைச் சீவு, ஓரத்தில் முக்கோணமாக வெட்டி எடு, மாட்டிப் பார், கழற்று, மறுபடி வெட்டு. காசு கொடுத்து வாங்கியவன் ஏன் இதைச் செய்ய வேண்டும்?

கழற்று என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டேன். பீட்லாக் ரிம், அதாவது ஒரு வளையத்தை ஸ்க்ரூவால் முடுக்கி டயரின் விளிம்பைக் கவ்விப் பிடிக்கிற ரிம். அதில் பக்கத்துக்கு 12 ஸ்க்ரூ, இரண்டு பக்கமும் வளையம், நான்கு சக்கரம். மொத்தம் 96 ஸ்க்ரூ. எல்லாம் எம்2, தலைக்குள் 1.5 மில்லிமீட்டர் ஆலன் கீ நுழைய வேண்டும். எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினால்தான் வளையம் சமமாக உட்காரும். இந்தப் பக்கம் முடுக்கும்போதே அந்தப் பக்கம் டயரின் விளிம்பு பள்ளத்திலிருந்து வழுக்கி வெளியே வரும். விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டே மறு கையால் திருக வேண்டும். பாதியில் ஸ்க்ரூவின் தலை உள்ளே வழவழவென்று தேய்ந்து, கீ சும்மா சுற்றும். அவ்வளவு மட்டமான இரும்பு! பாக்கெட்டில் உபரி ஸ்க்ரூ ஒன்றுகூட இருக்காது. 96 ஸ்க்ரூ போகிற பொருளில் உபரியாக நாலு போட்டால் கம்பெனி திவாலாகிவிடுமா? பிளாஸ்டிக் ரிம்மில் ஸ்க்ரூ தளராமல் இருக்கத் த்ரெட் லாக்கர் விட்டால் சில வகை பிளாஸ்டிக் விரிசல் விட்டுவிடும். அந்த எச்சரிக்கையும் கிடையாது.

இவர்களாவது கழற்றவாவது விடுகிறார்கள். புது வண்டியிலேயே டயரை ரிம்மோடு சூப்பர் க்ளூ போட்டு ஒட்டி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களை என்ன சொல்வது? வேகமாக ஓடுகிற பந்தய வண்டிக்கு ஒட்டுவதில் நியாயம் இருக்கிறது, இல்லாவிட்டால் டயர் பிய்ந்து பறக்கும். நடக்கிற வேகத்தில் போகிற க்ராலருக்கு எதற்குப் பசை? ஓடையில் ஒரு தடவை இறங்கினால் ரிம் ஓட்டை வழியாகத் தண்ணீர் புகுந்து ஃபோம் முழுக்க ஊறிவிடும். பிரித்துக் காய வைக்க முடியாது. சக்கரத்தைக் கொதிக்கும் நீரில் போட்டுப் பசையை இளக்கி, விரல் சுட்டுக்கொண்டு இழுக்க வேண்டும். டயரின் நடுவில் சின்னதாக நாலு ஓட்டை போட்டு, ரிம் ஓட்டையை அடைத்திருந்தால், சக்கரம் சுழலும்போதே பெரும்பாலான தண்ணீர் வெளியே தெறித்துவிடும். ஓட்டுகிற எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இது. தயாரிக்கிறவர்களுக்குத் தெரியாதா?

டயரின் உயரம், அகலம், ஷோர் எண், உள்ளே இருக்கும் ஃபோம் என்ன வகை, அதன் அளவு என்ன. பாக்கெட்டின் பின்பக்கம் ஐந்து வரி போதும். அந்த இடத்தில் இப்போது என்ன இருக்கிறது தெரியுமா? பாறை மேல் நிற்கிற வண்டியின் படம்.